உள்ளறைச் சுவரும் உங்கள் கடப்பாரையும்

அக்கா,

பேத்தி கட்டும் வீட்டில் சுவர் பூச இன்று சுண்ணாம்பு குழைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றியதும் புளிப்பும் துவர்ப்புமாக ஒரு வாடை எழுந்தது. "இந்தப் பூச்சு வீட்டுக்குள்ள ஈரத்தைத் தங்க விடாது பாட்டி, உடம்புக்கு நல்லது" என்றார் இன்ஜினீயர். தலையாட்டிக்கொண்டே அழுதுவிட்டேன். கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டதென்று அவர் பதறித் தண்ணீர் கொண்டுவந்தார்.

செஞ்சிக் கடைத்தெருவில் நாம் இருவரும் மருமகள்களாய் வாழ்ந்த அந்த வீடு. முன்னால் மளிகைக்கடை, பின்னால் புகை மண்டும் சமையலறை, நடுவே ஒரே உள்ளறை. அறுபதுகளில் சிமெண்ட் குதிரைக்கொம்பு. உங்கள் வீட்டுக்காரர் யார் யாரையோ பிடித்து மூட்டைகளைக் கொண்டுவந்தார். மண்சுவரின் பழைய சுண்ணாம்பைக் கொத்திவிட்டு வழவழவென்று சிமெண்ட் பூசினார். "மொகம் பாக்கலாம் பாரு" என்று தெருவையே கூட்டிவந்து காட்டினார்.

மழை பிடித்தது. மலையடிவாரத்து ஈரம் மண்சுவரில் ஏறி, வெளியே போக வழியில்லாமல் நின்றது. அறை முழுக்க ஓதம், மூலையெல்லாம் பூசணம். என் கைக்குழந்தைக்கு இழுப்பு கண்டது. விலா குழிவிழ அவள் திணறும்போது, பிழைப்பாளா என்று ஒவ்வொரு மூச்சாய் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, முதலில் அந்தச் சுவரைச் சரிசெய்யச் சொன்னார்.

யாரும் தொடவில்லை. நீங்கள் கர்ப்பம், பல வருஷம் கோயில் கோயிலாய் ஏறி இறங்கித் தரித்த கர்ப்பம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணிகூட அடிக்கமாட்டார்கள், சுவரை எங்கே இடிப்பது? கொத்தனாரும் விஷயம் தெரிந்து வாசலோடு திரும்பிவிட்டார். உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று மத்தியானம் குழந்தைக்கு உதடு நீலம் பாய்ந்தது. நீங்கள் தோட்டத்துக் கடப்பாரையோடு வந்து நின்றீர்கள்.

"அடிப்பாவி! வயித்துப் புள்ள ஊனமா பொறந்தா இன்னா பண்ணுவ?" என்று மாமியார் அலறினார்.

"பொறக்கப் போறதுக்காவ பொறந்தத சாவ உடச் சொல்றீங்களா அத்த?"

"வேணாங்க்கா" என்று நான் கடப்பாரையைப் பிடித்தேன்.

"நவுருடி. புள்ளய வெளிய தூக்கினு போ."

ஓங்கிக் குத்தினீர்கள். சத்தம் கேட்டுக் கடையிலிருந்து ஓடிவந்த உங்கள் வீட்டுக்காரர் பெயர்ந்து கிடந்த தன் பூச்சைப் பார்த்தார். பிறகு உங்கள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி மீதியை அவரே பெயர்த்தார்.

திரும்பவும் சுண்ணாம்பு பூசி அறை காய்ந்ததும் இழுப்பு தணிந்தது. என் மகள் முகம் தெளிந்து தூங்கினாள். என் பயம் உங்கள் வயிற்றுக்கு மாறியது. உங்களுக்கு இடுப்பு வலித்தால் எனக்கு உயிர் போய் வரும்.

மகன் பிறந்தான். இடது காது மடலில் சின்னதாய் ஒரு பிளவு. "கடப்பாரை பட்டது" என்றார் மாமியார். நான் ஒடுங்கிப்போனேன். நீங்கள் பிள்ளையின் காதைத் தடவிப் பார்த்து, "கடுக்கன் போட எடம் இருக்குது, போதும்" என்றீர்கள். அதற்கப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

காதுக்கும் கடப்பாரைக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும் அக்கா. இருந்தாலும் உங்கள் மகன் ஆசீர்வாதம் வாங்க என் முன் குனியும்போது, என் கை தலைக்குப் போவதில்லை. அந்தக் காதுக்குத்தான் போகிறது.