கரையில் விழுந்த வரைபடம்

தங்கச்சிக்கு,

உன்னோடு போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் ஹாஸ்டலுக்கு இந்தக் கடிதம்.

உன் முகூர்த்தப் புடவை கெட்டுவிட்டது. நான்தான் காரணம். நம் பழைய கம்ப்யூட்டர் எழுத்து விளையாட்டுக்காக நீ கிராஃப் தாளில் கட்டம் கட்டமாய் வரைந்த குகை வரைபடத்தை, கரை டிசைன் என்று தறிக்குத் துளை அட்டை அடிக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு முழம் நெய்த பிறகுதான் அப்பா கவனித்தார்.

"இன்னாடா இது, பார்டரா, பஸ் ரூட்டா?"

நம் தறியில் இறங்காத புடவை நம் வீட்டில் மணமேடை ஏறாது. முகூர்த்தத்தை ஒரு மாதம் தள்ளிவிட்டார்கள்.

தாள் மாறிப்போனதென்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே நம்பு.

படமே இல்லாமல், கட்டளை டைப் அடித்தே குகைக்குள் நடக்கும் அந்தக் கறுப்புத் திரை விளையாட்டை நான் இன்னும் விடவில்லை. சின்ன வயதில் பிடிக்காத அறைக்குள் நுழைந்தால், யோசிக்காமல் 'வெளியே போ' என்று டைப் அடிப்பாய். பெண் பார்க்க வந்த அன்று நீ வாயே திறக்கவில்லை. நானும் கேட்காமல் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்கிறேன். உனக்குச் சம்மதமா? ஒரு வரி எழுது, போதும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

புது டிசைன் தாளை இன்னும் அட்டை அடிக்கக் கொடுக்கவில்லை; என் பையில்தான் இருக்கிறது.

உன் அண்ணன்