அழகுமுத்து மடத்துக்காகச் சொன்ன சாட்சி

அன்பு மகள் லோஜினிக்கு, நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். அம்மாவின் முழங்கால் மழைக்கு வீங்கி இப்போது வற்றிவிட்டது, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து குறைவு, கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. இதை நான் சொல்லச் சொல்ல பெற்றீசியா டீச்சர் எழுதுகிறார். போனில் சொன்னால் நீ இடையில் அழுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அழகுமுத்து மடம் உனக்குத் தெரியும், நீ பிறக்குமுன் அம்மா அங்கே ஒன்பது நாள் இருந்தாள். நோர்வூட்டில் கடை வைத்திருந்த அழகுமுத்து, மாதம் நிறைந்த தோட்டத்துப் பெண்கள் வலி எடுக்குமுன்னே வந்து தங்கத் தருமமாக எழுதிக்கொடுத்த இடம். இப்போது மடத்தைப் பார்க்கும் சபைக்குத் தலைவர் நம் கஜேந்திரன் ஐயா, நானும் அதில் ஒருவன். அவர் மடத்தைப் பூட்டிவிட்டு, அதைச் சுற்றுலாக்காரர் விடுதியாக்கி, வரும் வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமென்று நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார். தருமச் சொத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப நீதிபதியின் உத்தரவு வேண்டுமாம். சபைக்காரர் எல்லாருக்கும் சம்மதம் என்று ஒரு தாளும் கொடுத்திருக்கிறார், அதில் என் கைநாட்டு இருக்கிறது. மடத்துக் கதவில் ஒட்டிய நோட்டீசை டீச்சர் வாசித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

நம் தோட்டத்து வேலாயியின் செத்த வீட்டில் நடந்தது அது. சாவுச் செலவுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்துக் கொப்பியில் கைநாட்டு வைத்து, இழவுக்கு வந்ததைப் பதியாவிட்டால் தண்டம், இழவு வீட்டில் இது என்ன தாள் என்று யாரும் கேட்பதில்லை. கொப்பிக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது, அதிலும் பெருவிரலை வைத்தேன், சபைக்காரர் பதினொரு பேரும் வைத்தோம். கேட்காதது என் தப்பு.

உன் நர்ஸ் படிப்புக்கு ஐயா செய்ததை நான் மறக்கவில்லை. "நம்ம புள்ளையப் படிக்க வச்ச மனுசனுக்கு எதிரா ஏறி நிக்கப் போறீங்களா" என்று கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் புதன்கிழமை ஹட்டன் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினேன், கைநாட்டு வந்த விதத்தைச் சொன்னேன். ஐயாவின் வக்கீல், "இப்பதான் ஆம்புலன்ஸ் இருக்கே, மடத்துக்கு யாரு பெரியவரே வாறாங்க" என்றார். "ஆம்புலன்ஸ் பாலத்தோட நின்னுரும் சார், அதுவரைக்கும் கம்பளியில தூக்கிட்டுத்தான் வரணும். போன மாசம் ஷாமிலாவைத் தூக்குனோம். புள்ள வழியிலயே பொறந்து செத்துப்போச்சு. அவ பத்து நாளைக்கு முன்னமே மடத்துக்குப் போனவதான், பூட்டியிருக்குன்னு திரும்பி வந்தா" என்றேன்.

வாசிக்கத் தெரியாத உமக்கு அழகுமுத்துவின் உறுதிப் பத்திரத்தில் எழுதியிருப்பது எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார். மடம் திறந்த அன்று, அந்தப் பத்திரத்தை எழுதிய நொத்தாரிசு சத்தமாக வாசித்ததை அப்படியே சொன்னேன், "தோட்டத் தாய்மார் தங்குவதற்கன்றி வேறெதற்கும் அல்ல" என்பது வரை. நீதிபதி பத்திரத்தின் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே கேட்டார். அந்தக் கைநாட்டுத் தாள் செல்லாது, மறு தவணை வரை எதையும் மாற்றக் கூடாது, பூட்டைத் திறந்து தாய்மாரை விட வேண்டும் என்று உத்தரவு.

வெளியே ஐயா என்னிடம் வந்து, "பொன்னையா, லோஜினிக்கு நான் செஞ்சது ஞாபகம் இருக்கா" என்றார். "இருக்குதுங்க ஐயா, அதனாலதான் நேத்துலருந்து சோறு எறங்கல" என்றேன். அவர் காரில் ஏறிவிட்டார்.

மகள், நீ அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அவரைக் குறைவாகவும் பேசாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நீயும் உன் குடும்பமும் நூறாண்டு நோயில்லாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வருஷா வருஷம் போல இந்தத் தீபாவளிக்கும் ஐயாவுக்குப் போன் போடு. எடுக்காவிட்டால் மறுபடியும் போடு.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
பொன்னையா