நாலு பேர் அரிசியில் ஏழு பேர்

என் வடிவு மதினிக்கு,

எங்கே இருந்தாலும் இதை உட்கார்ந்து படியுங்கள். இந்த வீட்டில் உங்களை உட்காரவிட்டவர் யாரும் இல்லை, நான் உட்பட. இதை அந்த வாரப் பத்திரிகைக்கே அனுப்பப் போகிறேன். போட்டால் ஊரே படிக்கட்டும்.

முதலில் அந்தத் தொடர்கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன மறுநாள், வெள்ளிக்கிழமை, கடைசி அத்தியாயம் வந்தது. ஐந்தாம் நாள்தான் கையில் எடுத்தேன். செவ்வாய்க் கிரகத்துக்குப் போன அத்தனை பேரும் அந்தரத்தில் நிற்கிறார்கள், ராக்கெட்டில் நெருப்புப் பிடிக்கிறது, கதாநாயகன் 'ஐயோ' என்று கத்திக்கொண்டு கட்டிலிலிருந்து கீழே விழுகிறான். அவ்வளவும் கனவாம் மதினி! அவன் அம்மா காபித் தம்ளரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாளாம். முற்றும்.

இருபத்தாறு வாரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணன் தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்குமுன் பையைப் பிடுங்கி, நீங்கள் கீரை ஆய, நான் சத்தம் போட்டு வாசித்து, அடுத்த வெள்ளி வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருந்தோமே, அதற்கு இந்த ஆள் தந்த மரியாதை இதுதான். கனவு கண்டவனுக்குக் காபி கிடைத்துவிட்டது. பசியோடு ராக்கெட்டில் இருந்த ஏழு பேர் என்ன ஆனார்கள்? நேரில் பார்த்தால் கேட்டுவிடுவேன், கையில் கரண்டியோடு.

அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான். நாலு பேருக்கு நாலு மாதத்துக்கு என்று டப்பாக்களில் சாப்பாடு ஏற்றிப் புறப்பட்டார்கள். நாற்பதாம் நாள், விஞ்ஞானியின் மகள் பெட்டிக்குள் ஒளிந்திருந்து வெளியே வந்தாள். எனக்கு அது காதல். நீங்கள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தீர்கள்.

"ஏட்டி கோமு, ஒரு ஆளு கூடிட்டே. சோறு?"

அறுபதாம் நாள், முன்பு போன கப்பலில் தப்பிப் பிழைத்த இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் நீங்கள் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தீர்கள். இன்னும் முப்பத்தோரு நாளில் டப்பா காலி, ஆனால் ஊர் வந்து சேர அறுபது நாள் ஆகும். அவர்களோ பாட்டுப் பாடிக்கொண்டு நட்சத்திரம் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"இந்த ஆளு ஆயுசுல ஒரு நாளு உலை வச்சிருக்க மாட்டான்டி," என்றீர்கள். "ஆளு கூடுது, அரிசி கூடலையே! பொங்குதவளுக்குல்லா தெரியும்."

உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் வீடு இருந்தால், ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் சொந்தக்காரர்களுக்கு நம் ஞாபகம் வந்துவிடும். கடிதம் கிடையாது, தகவல் கிடையாது, துண்டும் சோப்புமாக வந்து இறங்குவார்கள். அம்மா, அண்ணன், நீங்கள், நான் என்று நாலு பேர் இருக்கிற வீட்டில் போன வருசம் ஆடியில் பதின்மூன்று தலை. எல்லோரும் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வயிறு காய்ந்து வருவார்கள். இலை போட்டதும் சோறு வரும். அது எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டார்கள்? அந்தத் தொடர்கதைக்காரனைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை?

இப்போது உங்கள் வலியைப் பற்றிச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன், அத்தியாயத்தை விழுங்காமல்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வலது அடிவயிற்றில் வலி எடுத்தது. திங்கள்கிழமை அண்ணனிடம் சொன்னீர்கள். அண்ணன், "வாயுவா இருக்கும், இஞ்சியத் தட்டிக் குடி," என்றான். செவ்வாய்க்கிழமை உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மாவு ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?"

"வெள்ளிக்கெழம எல்லாரும் கெளம்புதாவள்லா மதினி. அன்னைக்கு நிம்மதியாப் போவோம்."

இது நான் சொன்னது. அம்மா சொல்லவில்லை, அண்ணன் சொல்லவில்லை. கோமதி சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் மதுரைச் சித்தி, "நீயும் வாட்டி, பிள்ளைகளப் பிடிக்க ஆள் வேணும்லா," என்று இழுத்தாள். போனேன். நன்றாகக் குளித்தேன் மதினி, அதையும் சொல்லிவிடுகிறேன். உச்சியில் தண்ணீர் விழுந்தபோது நீங்கள் என் நினைவிலேயே இல்லை. திரும்பி வந்தபோது நீங்கள் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தீர்கள். சோறு வடித்து முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எத்தனை நாளா வலி?"

அண்ணன் சொன்னான், "இன்னைக்குக் காலையிலதான் சார்."

அவன் பின்னால் நான் நின்றேன். ஈரத் தலையோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டின் கதை அதுதான்: காலையில் நன்றாக இருந்தாள், திடீரென்று போய்விட்டாள். ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, புதன் இல்லை. பத்திரிகைக்காரன் கனவு என்று சொல்லி இருபத்தாறு வாரத்தை அழித்தான், நாங்கள் ஒரு வார்த்தையில் நாலு நாளை அழித்தோம். எனக்கு அவன்மேல் வந்த கோபம் முழுவதும் அவனுக்கு உரியது இல்லை என்று இப்போது தெரிகிறது.

போன வாரம் அண்ணனின் பழைய ஆபீஸ் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே, பத்திரிகைக்குப் போடச் சொல்லி நீங்கள் அவனிடம் எழுதிக் கொடுத்த கார்டு இருந்தது. "நாலு பேர் அரிசியில் ஏழு பேர் எத்தனை நாள் சாப்பிடுவார்கள் என்று ஆசிரியர் தயவுசெய்து விளக்க வேண்டும்." விலாசம் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கிறீர்கள். அவன் தபாலில் போடவே இல்லை! பதில் வரும் வரும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை வாசகர் கடிதப் பக்கத்தை முதலில் புரட்டச் சொன்னீர்கள்! கேட்டதற்கு, "பொம்பள அரிசிக் கணக்கு எழுதுதாள்னு சிரிப்பான்லாட்டி, அதான் போடல," என்றான். வந்த ஆத்திரத்தில் பையைக் கிணற்றடியில் அறைந்தேன். அதன் பிடி அறுந்துவிட்டது.

உங்கள் வருசத் திதி வருகிறது. மதுரைச் சித்தி இந்தத் தடவை கடிதம் போட்டிருக்கிறாள். 'ரெண்டு நாள் முன்னாடியே வந்துருதோம், சாரல் நல்லா இருக்காம்லா' என்று. உங்கள் திதிக்கும் துண்டும் சோப்பும்! அம்மா பெரிய பானையை இறக்கச் சொன்னாள். வெள்ளையடிக்கிற ஆளும் வந்தான். அடுப்பங்கரைச் சுவரில் உங்கள் கரிக்கோடு இருக்கிற இடத்தில் மட்டும் மட்டையை வைக்கக் கூடாது என்று மறித்து நின்றேன். "கல்யாணம் ஆகப்போற பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது," என்று அம்மா சொன்னாள். ஆகட்டும் மதினி. ஆகாமல் போகட்டும்.

இத்தனைக்கும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். முந்தாநாள் தென்காசிக் கோயிலில் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். ஆலங்குளத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தார்கள், பாதி ஆளாகிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்:

"ஏட்டி கோமு, உண்மையச் சொல்லு. அதிரசந்தானே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"புதங்கெழம சாயந்தரம் பஸ்ஸுல ஒரு தூக்கு அதிரசம் குடுத்து விட்டேம்லா. எண்ணெ கொஞ்சம் காறலா இருந்துச்சு. வியாழக்கெழம காலையிலதானே எம்புள்ளைக்கு வலி வந்துச்சு? நாந்தான் கொன்னுட்டேன். அதுக்கப்புறம் நான் அடுப்புல எண்ணெச் சட்டியே வைக்கல தாயி."

ஒரு வருசமாக அந்த மனுசி இதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். வலி காலையில்தான் வந்தது என்றால், முந்தின நாள் தின்றதைத்தானே தாய் யோசிப்பாள்? எங்கள் கதையில் இருந்த ஓட்டையை அடைக்க அவர்கள் தன்னையே வைத்து அடைத்திருக்கிறார்கள். அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் இல்ல அத்தை," என்று முனகிவிட்டு, அண்ணன் கூப்பிடுகிறான் என்று ஓடி வந்துவிட்டேன். என்னை என்னவென்று திட்டுவீர்கள்? உங்களுக்குத் திட்டத் தெரியாதே.

அதனால் இதைக் கேளுங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் ஆலங்குளம் போகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "செத்தவ திரும்பவா வரப்போறா? எதுக்குட்டி கிளறுதே?" என்றான். அவள் அம்மா உயிரோடு இருக்கிறார்கள் என்றேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். போகும் வழியில் உங்கள் கார்டையும் இந்தக் கடிதத்தையும் தபால் பெட்டியில் நானே போடுவேன், உள்ளே விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நகருவேன்.

உங்கள் அம்மா முன்னால் உட்கார்ந்து சனிக்கிழமையிலிருந்து தொடங்குவேன். இஞ்சிச் சாற்றைச் சொல்வேன். நான் வெள்ளிக்கிழமை என்று சொன்னதைச் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். கடைசியில் அந்தத் தூக்கைப் பற்றிச் சொல்வேன்: அதில் இருபது அதிரசம் இருந்தது அத்தை, விருந்தாளிகள் பதினாறு தின்றார்கள், நான் நாலு தின்றேன். உங்கள் மகளுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்படிக்கு,
பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிய உங்கள் நாத்தனார்
கோமு