அமுக்காத ரப்பர் பந்து

செவ்வாய்க்கிழமை, இரவு

என் குடல் புண்ணால் சுருங்கிவிட்டதா, ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்க இன்று வேலூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மருந்துத் தண்ணீரை வயிறு கொள்ளாத அளவுக்குக் குடிக்க வைத்து, மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள்.

"அவசரம்னா இந்த ரப்பர் பந்த அமுக்கும்மா," என்றார் ஸ்கேன் எடுக்கிற அண்ணன்.

பாதியிலேயே பாத்ரூம் போக முட்டியது. ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரிடம் பாத்ரூம் டோக்கன் கேட்கக் கூசி, அடக்கியே பழகியவள் நான். பந்தை அமுக்காமல் நெளிந்தேன். படம் கலங்கிவிட்டது. வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள்.

"இன்னாடி, கொஞ்ச நேரம் ஆடாம இருக்க மாட்டியா?" என்றாள் அம்மா.

"தூங்கிட்டேம்மா, தூக்கத்துல அசைஞ்சிட்டேன்," என்று பொய் சொன்னேன்.

இப்போதும் முட்டுகிறது. கக்கூஸ் வெளியே இருக்கிறது. அப்பா வாசற்கதவுக்குக் குறுக்கே படுத்திருக்கிறார். அவரை எழுப்பாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.