மாத்தளைக் கோப்பியும் ஈஸ்ட் ஹாம் கடையும்

மாத்தளை
12 ஜனவரி 2025

அன்பின் டொலறஸ்,

நீரும் மகள் ஷெறோனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது, அதனால் பொதியோடு கடிதமும் வைக்கிறேன். எழுதினால் நீர் குறுக்கே பேச ஏலாது.

ஆறு மாதமென்று சொல்லி லண்டனிலிருந்து வந்து மூன்று வருஷமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் நான் நட்ட கோப்பி பழுத்துவிட்டது! மலைச் சரிவெல்லாம் சிவப்பு.

தேயிலைக்கு முன்னால் இந்த நாட்டை நிமிர்த்தியது கோப்பிதான். மலைக்கு றோட்டு வந்ததும், வங்கிகள் வளர்ந்ததும், கண்டிக்கு ரயில் ஓடியதும் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். பிறகு இலையில் நோய் விழுந்து செடிகள் அழிந்தன. பாதை மிஞ்சியது, அதில் தேயிலை ஏறியது. பைக்கற்றில் ‘நாட்டைக் கட்டிய கோப்பி’ என்று போடப் போகிறேன்.

மாதிரிக்கு ஒரு டின் வைத்திருக்கிறேன். உம்முடைய கடைக்குக் கோப்பி வறுத்துத் தரும் கிருசாந்தனிடம் காட்டும். அவர் நல்லதென்றால் கடையை மூடிவிட்டு இங்கே வாரும்.

வழி பார்த்திருக்கும்
றூபன்


ஈஸ்ட் ஹாம்
3 பெப்ரவரி 2025

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

கட்டிய புருஷனைப் பெயர் சொல்லிப் பழக்கமில்லை, கடிதத்திலும் இஞ்சாருங்கோதான். டின்னை வெம்பிளிக்குக் கொண்டுபோய்க் கிருசாந்தன் முன்னால் பெருமையாகத் திறந்தேன். "அக்கா, இது கோப்பியோ, கசாயமோ?" என்று கேட்டான். மாதிரி என்றால் வறுக்காத பச்சைக் கொட்டையை அல்லவா அனுப்ப வேண்டும்? நீங்கள் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு, வறுத்து, இடித்து அனுப்பியிருக்கிறீர்கள்! எனக்குப் போன மானம் போனதுதான். திரும்பி வரும்போது ரயிலில் டின்னைத் திறந்து மணந்து பார்த்தேன். நான் உங்களுக்குப் போட்டுத் தரும் அதே பக்குவம். கண் கலங்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பைக்கற் வசனம் வேண்டாம். நான் மன்னார்க்காரி. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் எங்கள் கரையில் இறங்கித்தான் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தது. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பிக்கு ரயில் போட்டார்கள், அதைப் பறிக்க வந்தவர்கள் நடந்தார்கள். நாட்டைக் கட்டியது கோப்பியா, அவர்களா? உங்களோடு பழம் பறிக்கிறவர்களின் பெயரைப் போடுங்கள்.

கடையைப் பற்றிய பதில் பச்சைக் கொட்டை வந்த பிறகு.

டொலறஸ்


மாத்தளை
20 பெப்ரவரி 2025

அன்பின் டொலறஸ்,

பச்சைக் கொட்டை வைத்திருக்கிறேன். இந்த முறை மல்லி இல்லை!

உம்முடைய கடிதத்தை இங்கே பழம் பறிக்கும் மேரிசாந்திக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வழியால் நடந்து வந்தவர்களின் பரம்பரை அவர். "அந்த அம்மாவ ஒரு தடவ பாக்கணுங்க" என்றார். பைக்கற்றில் இப்போது ‘மேரிசாந்தியும் கூட்டாளிகளும் பறித்த மாத்தளைக் கோப்பி’ என்றுதான் இருக்கிறது.

இனி நேரே கேட்கிறேன். வருவீரா, மாட்டீரா? மனம் உம்மைத் தேடுகிறது.

றூபன்


ஈஸ்ட் ஹாம்
16 மார்ச் 2025

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

கிருசாந்தன் பச்சைக் கொட்டையை வறுத்து, உறிஞ்சிக் குடித்துவிட்டு, "அக்கா, உள்ளதெல்லாம் நான் எடுக்கிறன்" என்றான். நான் விடவில்லை. அவன் வறுக்கட்டும், விற்பது என் கடை.

ஆகவே கடையை மூட மாட்டேன். கோபிக்காமல் கேளுங்கள். அந்தக் காலத்தில் லண்டனில் விலை சொன்னவனுக்கு மலையில் பறித்தவளைத் தெரியாது. இன்றைக்கு மேரிசாந்தியிடம் கேட்டுக்கொண்டு லண்டனில் விலை சொல்லப் போவது நான். இந்த இடத்தை விட்டுவிட்டு உங்களுக்குச் சோறு காய்ச்ச வரவா? நீங்களும் செடியை விட்டு வர வேண்டாம். வந்தால் ஒரு கிழமையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியாதா?

எனக்கும் உங்களைத் தேடுகிறதுதான். நவம்பரில் பழம் பறிக்க வருகிறேன், கடையை ஷெறோன் பார்ப்பாள். முதலில் ஊருக்குத்தான் போவேன், மன்னாருக்கு வந்து என்னைக் கூட்டிப் போங்கள். மேரிசாந்தியின் முன்னோர் நடந்த வழியால் பஸ்ஸில் போவோம். பறித்து முடிய நான் லண்டனுக்குத் திரும்பிவிடுவேன், அடுத்த நவம்பரில் மறுபடி வருவேன். இனி நம் குடும்பம் இப்படித்தான்.

அந்தக் கசாய டின்னை நான் விற்கவில்லை. தினமும் கடை திறக்க முன்னம் அதில்தான் போட்டுக் குடிக்கிறேன். முடியப் போகிறது, இன்னொன்று இடித்து அனுப்புங்கள்.

உங்கள்
டொலறஸ்