பூட்டியவர்தான் திறக்க வேண்டும்

என்னங்க,

கடிதத்தைக்கூட இப்படித்தான் தொடங்க வருகிறது. எனக்கு உரியவரே, நலமா என்று கேட்க வழியில்லை. இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

“நீ வண்டி ஓட்டுவியா?” என்று ஒரு நாள் என்னைக் கேட்டீர்கள். டயாலிசிஸ் முடிந்து கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரிக்கு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். தலையைக் குனிந்து காலை மடக்கி அந்தச் சின்னக் காருக்குள் ஏற நீங்கள் பட்ட பாட்டை அப்போதுதான் பார்த்திருந்தேன். ஓய்வுபெற்ற அறிவியல் டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே கொட்டகைக்குப் போய், நம் பழைய அம்பாசடரின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துவிட்டீர்கள். புதிதாக ஒன்று வாங்கலாமே என்றேன்.

“இதுல ஏறுனா நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காரலாம், டீச்சரே. ஓட்டுறதுக்குத்தான் கனம். அதை உனக்கு லேசாக்கித் தரேன்.”

சொன்னபடி செய்தீர்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, அதே வெள்ளை நிறத்தை அடிக்கவைத்தீர்கள். உள்ளேதான் எல்லாம் மாறியது. வேன் ஒன்றின் புதுவகை டீசல் இன்ஜின், அதற்கேற்ற கியர்பெட்டி, நசுங்கிப்போன ஒரு காரிலிருந்து கழற்றிய பவர் ஸ்டீயரிங், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, முனிரத்னம் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தார். ஓசூர் தொழிற்சாலையில் உங்களிடம் வேலை பார்த்தவர். இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் அந்த நாட்களில் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கிவிட்டேன்.

இன்ஜின் ஏறிய பிறகும் வண்டியைக் கிளப்ப நீங்கள் விடவில்லை. பிரேக் வேலை பாக்கி இருந்தது. எனக்கு அது புரிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடுவதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! எல்லோருக்கும் ஓடத் தெரியும். சுவருக்கு முன்னால் நிற்கத்தான் தெரியாது. ஆனால் பாட்டரி சுவிட்சில் உங்கள் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் போட்டபோது, வீட்டில் எதற்கு இந்தத் தொழிற்சாலை வழக்கம் என்று கேட்டேன்.

“ஆள் அடியில இருக்கறப்ப வேற யாராவது தெரியாம ஸ்டார்ட் பண்ணிட்டா?” என்றீர்கள். வகுப்பில் மின்விசிறி பழுதுபார்க்க ஒருவர் ஏணியில் ஏறினால், சுவிட்ச் பக்கத்தில் நான் ஓர் ஆளை நிறுத்துவேன். அந்த ஆள் பார்க்கும் வேலையைத்தான் பூட்டும் பார்க்கிறது. பூட்டியவர்தான் திறக்க வேண்டும். சாவியும் ஒன்றுதான், அவர் சட்டைப் பையில்.

அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள். அன்று போட்டிருந்த சட்டையோடு சாவி எங்கே போனதோ, தேடும் நிலையில் யாரும் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் முனிரத்னம் தானாகவே வந்து பிரேக் வேலையை முடித்தார். பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது. பெங்களூரிலிருந்து வனிதா போனில் கடிந்துகொண்டாள். “கிரைண்டர் வெச்சுப் பூட்டை அறுத்தா ஒரு நிமிஷ வேலைம்மா. அதைச் செய்ய ஆளில்லைன்னா வண்டியைக் கொடுத்துடு. இங்க ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்.” அப்பாவின் வண்டி கண்ணெதிரே மக்குவதைப் பார்க்க முடியவில்லை அவளுக்கு.

சனிக்கிழமை முனிரத்னத்தை வரச்சொன்னேன். கிரைண்டரைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

“என் கையில ஆகாதுங்க, டீச்சரம்மா. நான் அடியில படுத்திருந்தேன்னு எனக்காகச் சார் போட்ட பூட்டு. இதை வெட்டுனது தெரிஞ்சா என்னைக் கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிருப்பாரு.”

“பூட்டினவர் வீட்டுக்குப் போயிட்டா உங்க கம்பெனில என்னப்பா பண்ணுவீங்க?”

“அதுக்கு முறை இருக்குதுங்க. அவருக்கு மேல இருக்கறவங்க வரணும். மெஷினைச் சுத்தி வந்து, அடியிலயும் உள்ளயும் பாத்துட்டு, பூட்டுனவரைப் பேர் சொல்லிச் சத்தமா கூப்பிடணும். பதில் இல்லைன்னாதான் வெட்டலாம்.”

“அவருக்கு மேல இங்க யாரு?”

“என்னா டீச்சரம்மா இப்படிக் கேக்கறீங்க? கம்பெனியில எல்லாருக்கும் தெரியுமே.”

சிரித்துவிட்டேன். நீங்கள் போனபின் அதுதான் முதல் முறை.

வண்டியைச் சுற்றி வந்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். கதவுகளைத் திறந்து இருக்கைகளைப் பார்த்தேன். எல்லாம் முடிந்து உங்களைக் கூப்பிட வாயைத் திறந்தால் “என்னங்க” என்றுதான் வருகிறது.

“பேருங்க, டீச்சரம்மா” என்றார் முனிரத்னம், தரையைப் பார்த்தபடி.

நான் எங்கே சொல்லியிருக்கிறேன்? என் வகுப்பில் உங்கள் பெயரோடு ஒரு பையன் இருந்த வருடம், வருகை எடுக்கும்போது அவன் இனிஷியலை மட்டும் சொல்லி ஒப்பேற்றினேன். மருத்துவமனையில் நோயாளி பெயர் கேட்டால் உங்கள் சீட்டை நீட்டினேன். நீங்கள் இருந்தவரை அதில் குறையொன்றும் தெரியவில்லை.

“கோவிந்தராஜ்” என்றேன். காற்றாகத்தான் வந்தது. பிறகு, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில், “கோவிந்தராஜ்!”

கொட்டகை அப்படியே இருந்தது. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அந்த முறையில் சொல்லியிருக்கிறதா?

“வெட்டுப்பா” என்றேன்.

வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. வனிதாவுக்குப் போன் போட்டு இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன். இன்னும் கிட்டப் பிடிக்கச் சொன்னாள். பிறகு, “அவரை வர வேண்டாம்னு சொல்லிடறேம்மா” என்றாள்.

மறுநாள் காலை தனியாக எடுத்துக்கொண்டு குருபரப்பள்ளி வரை போய் வந்தேன். பிரேக் மிதித்த இடத்தில் நிற்கிறது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. பக்கத்து இருக்கையில் நீங்கள் காலை நீட்டி உட்காரத் தாராளமாக இடம் இருக்கிறது. உங்களைக் கூட்டிப்போகத்தானே இத்தனையும் லேசாக்கினீர்கள்? இனி இதில் நான் எங்கே போவது?

தெரியவில்லை. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன்: போக இடம் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை வண்டியை எடுப்பேன். பாட்டரி இறங்க விடமாட்டேன்.

உங்களுக்கு எழுதிய இதைப் படிக்க நேர்கிற, என்னைப் போன்ற பெண்களுக்கும் ஒன்று. இன்று உங்கள் வீட்டுக்காரர் அடுத்த அறையில் இருக்கும்போது ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வரும்.

உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா