கடல் சிங்கம் வழிமறித்த அன்று

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மாவின் முழங்காலில் போட்ட ஐந்து தையலையும் நேற்றுப் பிரித்தாகிவிட்டது. அங்கே உன் இருமல் நின்றிருக்கும் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே ஏதாவது கேட்பாய், அதையே சாக்காக வைத்துப் பாதியை நான் விழுங்கிவிடுவேன். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. "கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல ஏறுறவர் நீங்க, கடல்ல இறங்கி அம்மாவைக் காப்பாத்தியிருக்கீங்களேப்பா" என்று சொல்லி நீ அழுதாய், நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அம்மா உனக்குச் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றை அவள் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

அம்மா இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். பாடத்துக்கு முன்னால் குப்பிகளைத் துடைத்து மேஜையில் அடுக்குவாள், முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். அதில் ஒரு குப்பியில் நட்சத்திர மீன் ஒன்று, மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப் பழைய துணி மாதிரி கிடக்கும். வேலையிலிருந்து நின்ற அன்று, "இதை எத்தனை ஆயிரம் தடவை துடைச்சிருப்பேன், உயிரோட ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லீங்க" என்றாள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போனால் அந்தப் பாறைக் கரையில் ஒரு சின்னக் கடற்கரை இருப்பதும், அங்கே இவையெல்லாம் உண்டென்பதும் எனக்கும் தெரியும். நான்தான் வருஷா வருஷம் தட்டிக்கழித்து வந்தேன். லிப்ட் சோதித்துச் சான்று கொடுத்தவனின் புத்தி உனக்குத் தெரியாதா, எதைப் பார்த்தாலும் இது அறுந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றும். இந்தத் தடவை என் சாக்கெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. கிளம்பினோம்.

பஸ் நின்ற இடத்திலிருந்து கற்படி செங்குத்தாக இறங்குகிறது, ஒரு பக்கம் மட்டும் கம்பி. மேலே பலகையில் கடல் ஏறும் நேரம் எழுதியிருந்தது, விலங்குகளிடம் நெருங்காதீர்கள், அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்காதீர்கள் என்றும் எழுதியிருந்தது. நான் இரண்டு தடவை படித்து நேரத்தைக் கையில் பேனாவால் குறித்துக்கொண்டேன். கீழே மணல் நம் தெருவில் பாதிகூட இராது. சுற்றிலும் கரும்பாறை, அதில் வரிசை வரிசையாக நீர்க்காகங்கள். கரையின் ஒரு ஓரத்தில் பெரிய பாறை ஒன்று மூக்கு மாதிரி கடலுக்குள் நீண்டிருந்தது. அந்த மூக்குக்கும் மலைச்சுவருக்கும் நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதன் வழியாகப் போனால் அந்தப் பக்கம் இன்னொரு குட்டிக் கரை, பாறைக்குழிகளில் கடல் விட்டுப்போன தண்ணீர். அங்கேதான் அம்மா தன் நட்சத்திர மீனைக் கண்டாள். குங்குமப்பூ நிறம் பாப்பா, குப்பியில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு கையை மெதுவாகத் தூக்கிப் பக்கத்துக் கல்லில் வைத்தது. அம்மா குழந்தை மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். நேரமாச்சு வா என்று நான் மூன்று தடவை சொன்னேன், அஞ்சே நிமிஷம் என்று மூன்று தடவை சொன்னாள். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் தண்ணீர் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது.

திரும்பி நடந்தால் சந்துக்குள் பாறை என்று நான் நினைத்தது அசைந்தது. நாம் குடிவந்த இந்தத் தேசத்துக் குளிர்க்கடலில் வாழும் கடல் சிங்கம், ஆண். சினிமாத் தியேட்டர் சோபா அளவு உடம்பு, அதன் மேல் நாய் முகம். மணலில் படுத்துக் கிடந்ததைக் கடல் வந்து எழுப்பிவிட்டதோ என்னவோ, முன்துடுப்பை ஊன்றி நிமிர்ந்து வாயைத் திறந்து கத்தியது. அழுகிய மீன் நாற்றம் முகத்தில் வந்து அறைந்தது. அதற்குக் கடலுக்குப் போக வேண்டும், கடலுக்கும் அதற்கும் நடுவில் நாங்கள். படித்து வைத்த பலகை அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அம்மா இரண்டடி பின்வாங்கியபோது கல் வழுக்கி விழுந்தாள், முழங்கால் கிழிந்தது அப்போதுதான். அவள் விழுந்த சத்தத்துக்கு அது அவள் பக்கம் தலையைத் திருப்பி, சந்தை விட்டு வெளியே பாய்ந்தது. சந்து காலியானது. நான் ஓடினேன்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றோ, உதவிக்கு ஆள் கூப்பிட ஓடினேன் என்றோ எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது அவள் பக்கம் போனது, எனக்கு வழி கிடைத்தது, ஓடினேன், அவ்வளவுதான். மணலைத் தாண்டிப் படியேறி, பாதிப் படியில் மூச்சு முட்டி நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாறை மூக்குக்கு மேலாக அந்தக் குட்டிக் கரை தெரிந்தது. அம்மா ஒரு தாழ்ந்த கல்லின் மேல் ஏறி, தோள்பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கல்லைச் சுற்றி வந்தாயிற்று. அவள் கத்தவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை.

மேலேயிருந்து குப்பைச் சாக்கோடு கடற்கரைக் காவல்காரம்மா இறங்கி வந்தாள், ஐம்பது வயசு இருக்கும். கல்லின் மேல் அம்மா நிற்பது அவள் கண்ணிலும் பட்டுவிட்டது. "அந்தம்மா யாரு கூட வந்தாங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். பாப்பா, உன்னிடம் மறைக்க மாட்டேன், தெரியாது என்று சொல்ல என் வாய் திறந்தது. பிறகு, என் சம்சாரம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியில் மீட்புப் படகைக் கூப்பிட்டாள், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் அந்தக் கல்லு தாங்காது, முழுகிடும். அந்தச் சிங்கத்துக்குக் கடிக்கணும்னு வேண்டுதல் இல்ல, வழி விட்டா போயிடும். சந்து வழியா போனா அது மிரண்டு அவங்க மேலயே பாயும். யாராவது பாறை மூக்கைச் சுத்தித் தண்ணி வழியா போய் அவங்களைக் கல்லுக்கு மேல இருக்கிற பாறைத் திட்டுல ஏத்தணும். நான் சந்துப் பக்கம் கயிறு பிடிச்சு நிக்கணும், இல்லேன்னா ரெண்டு பேரும் திரும்பி வர முடியாது" என்றாள். யாராவது என்று சொல்ல அங்கே வேறு யார் இருந்தார்கள்.

இறங்கினேன். தைரியம் வந்து இறங்கவில்லை, அந்தப் பெண்பிள்ளை இன்னொரு தடவை என்னைப் பார்த்துவிடுவாளோ என்ற பயத்தில் இறங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். பாறையைப் பிடித்துக்கொண்டே போனேன், தண்ணீர் நெஞ்சு வரை, குளிரில் பல் கிட்டிக்கொண்டது. ஒரு அலை தூக்கிப் பாறையில் அறைந்தது, கிளிஞ்சல் கீறி உள்ளங்கை இரண்டும் ரத்தம். அம்மாவிடம் போய்ச் சேர்ந்தபோது கடல் சிங்கம் பத்தடி தள்ளி நின்று உறுமிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "கண்ணாடியைக் காணோமே, எப்படிங்க வந்தீங்க?" என்றாள். கண்ணாடி எங்கே விழுந்தது என்றே எனக்குத் தெரியாது. அவளை இடுப்பைப் பிடித்துத் தள்ளித் திட்டில் ஏற்றினேன், பின்னால் நானும் தொற்றினேன். நீர்க்காகங்கள் தலையைச் சுற்றிக் கொத்த வந்தன. வழி விட்ட மறு நிமிஷம் அந்தப் பெரிய உடம்பு எங்கள் காலுக்குக் கீழே உருண்டு புரண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது, விழுந்ததும் மீன்குஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர். காவல்காரம்மா வீசிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வந்தோம், அம்மா முன்னால், நான் பின்னால்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "இவர்தான் தண்ணில இறங்கி வந்து என்னைத் தூக்கினார்" என்று அம்மா சொன்னாள். உனக்கும் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அன்றிலிருந்து படியேறினாலே மூச்சு முட்டுகிறது, டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார். கடைசியில் முந்தாநாள், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஓடியதைப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டேன். பார்த்தேன் என்றாள். கோபமில்லையா என்றேன். "ரெண்டு பேரும் அங்க மாட்டினா யாருக்குங்க தெரியும், நீங்க போனதே நல்லதுன்னுதான் நினைச்சேன்" என்று ஒரு சட்டையை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்து உதறிவிட்டு, "நாலாவது படியிலயாவது திரும்பிப் பாப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள். அவளோடு சேர்ந்து மீதித் துணியை மடித்தேன்.

நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்ற பயம் இதை எழுதும்போதும் இருக்கிறது, ஆனாலும் நீ புகழ்ந்ததைத் தாங்குவதற்கு இது எவ்வளவோ மேல். இதற்காக லீவு போட்டு ஓடி வர வேண்டாம். அங்கே சிநேகிதிகளோடு மலை, கடல் என்று போனால் பலகையைப் படி, படித்ததை நடுக்கத்திலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொண்டு போ. தண்ணீர் காய்ச்சிக் குடி, இருமலை அலட்சியம் செய்யாதே. நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், போகும் இடமெல்லாம் உனக்கு நல்ல துணை அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே. இதையெல்லாம் அவளிடம் மறைத்துப் பேச வேண்டிய அவசியமில்லை, தபாலாபீசுக்குப் போகப்போவது அவள்தான். உறையை ஒட்டாமலே அவள் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா